சந்திரனில் சிரித்தவன்

சந்திரனில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் சிரிப்பானா, மாட்டானா என்பதுதான் அந்தப் பங்குனி மாதம் முழுக்கத் திண்டிவனத்தில் பேச்சாக இருந்தது.

ரயில் கேட்டை ஒட்டிய திடலில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். ஓடியது இங்கிலீஷ் படம். ராக்கெட்டில் சந்திரனுக்குப் போகிற மூன்று பேரில் இருவர் திரும்பிவிட, ஒருவன் மட்டும் அங்கேயே விடுபட்டுப் போகிறான். அவனிடம் இருக்கிற காற்றும் தண்ணீரும் சில நாளைக்குத்தான் வரும். அடுத்த ராக்கெட் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாத சனங்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு ஒருவர் தமிழில் கதை சொன்னார். அவர் பெயர் விருத்தாசலம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர். கூத்தில் ராஜா அழுதாலும் ராணி அழுதாலும் பக்கத்தில் நின்று நையாண்டி பண்ணக் கட்டியங்காரன் ஒருவன் வேண்டும். சந்திரனிலோ அந்த ஒருவனைத் தவிர ஈ காக்காய் கிடையாது. ஆகவே விருத்தாசலம் அழுகிறவனையும் நையாண்டி பண்ணுகிறவனையும் ஒரே ஆளாக்கிவிட்டார்.

அரங்கநாதன் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்தவர் அல்ல. அவர் குடும்பத்தில் யாரும் வைத்ததில்லை. மல்லாட்டைக் கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு மண்டியில் காத்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"மூச்சு விடக் காத்து இல்லாதவன் எவனாவது தமாசு பேசுவானாய்யா?" என்றான் தராசுக்காரன் பெரியசாமி. "எனக்குச் சளி புடிச்சாலே பொண்டாட்டி மேல எரிஞ்சி வுழறேன். அவனுக்கு உசிரு போவுது, சிரிக்கறானாம்."

"வேற இன்னா பண்ணச் சொல்ற? ஓடியா வர முடியும்?" என்றான் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவன். "ஆனா ஒண்ணு. அவன் தம்பி கீழ அழுவுறான்னு சேதி வருது பாரு, அதுக்கு ஒரு பதில் சொல்றான். 'அவன அந்தாண்ட போய் அழுவச் சொல்லுங்க. கண்ணீரு இங்க வுழுந்தா மண்ணு சேறாயிடும், அப்பால நான் வழுக்கி வுழணும்'ங்கறான். கொட்டாயே எழுந்து நின்னு கைதட்டுது."

மண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அரங்கநாதன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

அந்த வார்த்தைகளை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், அவர்கள் நிலத்தில் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குள்ளிருந்து அவை வந்தன. ஊற்றுக் கண் திறந்ததா என்று பார்க்க இறங்கிய அவருடைய அண்ணன் அப்பாதுரை, பக்கச்சுவர் மேலே சரிந்து பாறைச் சந்தில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் குரல் வந்தது. நாலாம் நாள் வரவில்லை. அழுத தம்பி அரங்கநாதன்தான். அப்போது இருபத்து நாலு வயது. அந்தக் கேலியைக் கேட்டதும் அவமானமும் பயமுமாக எழுந்து தோப்புப் பக்கம் போனவர், அதன்பிறகு கிணற்றடிக்குத் திரும்பவில்லை.

மாட்டிக்கொண்டவன் சிரித்தால் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அர்த்தம் என்று அவர்களுடைய அப்பா முடிவு செய்தார். இரண்டாம் நாள் காலையிலேயே வேடிக்கை பார்க்க வந்த சனத்தை விரட்டினார். "எம் மவன் கடைசி வரைக்கும் பெருமாள் பேரைச் சொல்லிக்கினு இருந்தான்" என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் அப்படியே சொல்லிற்று. ஆண்டுகள் போகப் போக அது கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அந்தக் கல்வெட்டைப் பெயர்க்க ஒரு மைக் போதும். வருகிற வியாழக்கிழமை கோலியனூரிலிருந்து சக்கரபாணி தம் சொந்தபந்தங்களோடு வருகிறார். அவர் மகனுக்கு அரங்கநாதனின் மகள் கிருஷ்ணவேணியைக் கேட்டிருந்தார்கள். நிலமும் நகையும் சக்கரபாணிக்குப் பெரிதில்லை. தரகர் மூலம் அவர் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்று: வம்சத்தில் யாருக்காவது சித்தப்பிரமை உண்டா? அவருடைய மூத்த மருமகள் அப்படி ஆகி, ஐந்து வருஷமாக வீட்டில் இருக்கிறாள். இன்னொன்றைத் தாங்க வீட்டுக்குத் தெம்பில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். அரங்கநாதன் நிமிர்ந்து நின்று "இல்லை" என்று சொல்லிவிட்டார். சொன்னது பொய்யா மெய்யா என்பது அவருக்கே தெரியாது.

அன்று மாலை அவர் கொட்டகைக்குப் போனார். தனியாகப் போகவில்லை. ரயில்வேயில் தந்தி குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற தேவநாதனையும் அழைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். யாராவது பார்த்தால் தேவநாதனுக்குத் துணையாக வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

"இத்தனை வருஷம் கழிச்சு உங்களுக்கு இப்ப இன்னா திடீர்னு?" என்றார் தேவநாதன்.

"அந்த ஆள் நெஜமா என்ன பேசறான்னு எனக்குத் தெரியணும். ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

நாற்காலி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். படம் ஓடியது. கண்ணாடிக் குடம் ஒன்றைத் தலையில் மாட்டியிருந்த வெள்ளைக்காரன், சாம்பல் மேட்டில் ஏறி இறங்கினான். அவனுக்குப் பின்னால் வானம் கறுப்பாக இருந்தது. ராக்கெட் போய்விட்ட இடத்தை அவன் அண்ணாந்து பார்த்ததும் மைக்கில் விருத்தாசலத்தின் குரல் கேட்டது.

"அடப் போங்கடா! இங்க மழை இல்ல, சேறு இல்ல, மாமியா இல்ல. வரி கேக்க மணியக்காரன் வரமாட்டான். எனக்கு இன்னாடா கொறச்சலு?"

தரை டிக்கெட் பக்கம் சிரிப்பு எழுந்தது. தேவநாதன் காதோடு சொன்னார்: "காத்து இன்னும் பதினோரு நாளைக்கு இருக்குதுன்னு மிஷின்ல சொல்றான். அவ்வளவுதான்."

"சிரிக்கலையே?"

"இல்லை."

கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. விருத்தாசலம் ஒன்று சொல்வார், தேவநாதன் வேறொன்று சொல்வார். திடீரென்று, விருத்தாசலம் வாய் திறக்காத ஓர் இடத்தில், தேவநாதன் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன?"

"இப்ப அவனே நெஜமா ஒரு தமாசு பேசினான். இவரு அத விட்டுட்டாரு! வீடு அமைதியான எடத்துலதான் கெடைச்சிருக்கு, கடைத்தெருதான் கொஞ்சம் தூரம்னு சொல்றான்."

அரங்கநாதன் திரையையே பார்த்தார். அந்த வெள்ளைக்காரனுக்கும் சிரிக்கத் தோன்றியிருக்கிறது. அவன் முகத்தில் பைத்தியக்களை எதுவும் இல்லை. கையில் மிஷினைத் திருகிக்கொண்டேதான் அதைச் சொன்னான். ஆனால் அவன் யாரோ எழுதிய கதையை நடிக்கிறவன். எழுதியவன் சந்திரனில் மாட்டிக்கொண்டதில்லையே.

"அவனுக்குத் தம்பி இருக்கானா?"

"தம்பியா? படத்துல அப்படி யாரும் இல்லையே" என்றார் தேவநாதன்.

அதே சமயம் மைக் சொல்லிற்று: "பூமியில எந் தம்பி அழுவுறானாம்..."

மறுநாள் காலை அரங்கநாதன் கொட்டகைக்குப் பின்பக்கம் போனார். விருத்தாசலம் உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். இளவயதில் கிணறு வெட்டும் கும்பலில் இருந்தவர். சரிந்த கிணற்றுக்குள் கூடையில் இறங்கி, அப்பாதுரைக்குப் பக்கத்தில் போய் மண் அள்ளியவர்களில் ஒருவர். அரங்கநாதனைக் கண்டதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வாங்க சின்னையா. நேத்து நாக்காலியில பார்த்தேன். கண்ணு சரியாத் தெரியலையோன்னு நெனச்சேன்."

"அந்தத் தம்பி பேச்சு யாரோடது?"

"ராக்கெட்டுக்காரனோடது."

"அவனுக்குத் தம்பியே கெடையாது. வெசாரிச்சிட்டேன்."

விருத்தாசலம் வாயைத் துடைத்துக்கொண்டார். "பெரியையாவோடதுதான். எங்கிட்ட சொந்தச் சரக்கு அவ்ளோ கெடையாதுங்க. தனியா மாட்டிக்கினவன் இன்னா பேசுவான்னு யோசிச்சா, எனக்குத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதான்."

"எங்க வீட்டுச் சாவைக் கொண்டாந்து தரை டிக்கெட்டுக்குச் சொல்லிக்கினு இருக்கே."

"சாவப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லலையே. உசிரோட இருந்த நாளத்தான சொல்றேன்?"

அரங்கநாதனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்க வந்தது கோபத்துக்கு அடியில் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அதைக் கேட்டார்.

"அவருக்குப் புத்தி சரியா இருந்துச்சா?"

விருத்தாசலம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அரங்கநாதன் உட்காரவில்லை.

"கெணத்துல ஆளு மாட்டிக்கினா எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டுங்க. குரலு வர்ற வரைக்கும் தோண்டுவோம். குரலு நின்னுபோச்சுன்னா ஏறிடுவோம். உள்ள ரெண்டு பேருக்கு மேல நிக்க முடியாது. எப்ப மண்ணு சரியும்னு தெரியாது. மொத நாளு பெரியையா அழுதாருங்க. 'காப்பாத்துங்கடா'ன்னு கத்தினாரு. நம்பமாட்டீங்க, அத்தக் கேட்டு ரெண்டு பேரு ஏறிட்டான். அழுகுரலுல வேலை செய்ய முடியாது. கை நடுங்கும். நமக்கும் இதே கதிதான்னு தோணும். 'ஏன்டா ஆளு மாறிட்டாங்க?'ன்னு உள்ளேருந்து கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பால மாமியா தமாச எடுத்து விட்டாரு. மேல ஏறின ரெண்டு பேரும் திரும்ப எறங்கிட்டான்."

"எல்லாம் அதுக்காகத்தானா?"

"ரெண்டு நாளைக்கு அதுக்காகத்தான். உங்களவிட, என்னைவிடத் தெளிவா இருந்தாரு. மூணாம் நாளுதான்..." விருத்தாசலம் தம்ளரை எடுத்து, உள்ளே எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "மூணாம் நாளு பாறை எறங்கிடுச்சி. நாங்க ஏறிட்டோம். அதுக்கப்புறமும் சிரிப்புச் சத்தம் வந்துது. கேக்க யாரு இருந்தா? அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. குரலு இருக்கும்போதே நான் ஏறினது என் ஆயுசுல அந்த ஒரு கெணத்துலதான்."

திடலில் யாரோ கொட்டகைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரங்கநாதன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"வியாழக்கிழமை கோலியனூர்க்காரங்க வர்றாங்க. அவங்க வந்து எறங்கினதுலேருந்து போற வரைக்கும் அண்ணன் பேச்சு ஒண்ணுகூட வெளிய வரக்கூடாது."

"நீங்க சொன்னா நிறுத்திடறேன். ஆனா பெரியம்மாவுக்கு, அவரு சம்சாரத்துக்கு, அவரு சொன்ன சேதி ஒண்ணு எங்கிட்டவே கெடக்குது. எப்ப சொல்லணும்னு அவரே ஒரு நேரம் வெச்சாரு. அந்த நேரம் வரவே இல்ல. அப்பால உங்க நைனா என் வாயைக் கட்டிட்டாரு."

"என்ன சேதி?"

"அது அவங்களுக்குங்க."

என்ன சேதி என்று இரண்டாவது தடவை கேட்க அரங்கநாதனால் முடியவில்லை. வந்த வழியே திரும்பினார்.

வீட்டில் அண்ணி வெள்ளையம்மாள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். அப்பாதுரை போனபோது அவருக்கு இருபது வயது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அரங்கநாதனின் மனைவி பிரசவத்தில் கண்மூடியபின் கிருஷ்ணவேணியை வளர்த்தவரும் அவர்தான். அண்ணியிடம் எதையும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு அரங்கநாதன் உள்ளே நுழைந்தார்.

"கொட்டாய்க்குப் போயிருந்தீங்களாமே, தம்பி?"

"தேவநாதன் கூப்பிட்டாரு."

"அந்தச் சந்திரன்காரன் சிரிக்கறானே, அது எப்படி இருக்குது? பைத்தியக்காரன் சிரிக்கற மாதிரியா? வேற மாதிரியா?"

அரங்கநாதன் துண்டை உதறிக் கொடியில் போட்டார். முறம் நிற்கவில்லை.

"ரெண்டாம் நாளு களத்துல நின்னுக்கினு நானும் கேட்டேன். வார்த்தை புரியல, சிரிப்பு மட்டும் கேட்டுது. மாமா என்னை உள்ள போன்னுட்டாரு. இத்தனை வருசமா அந்தச் சிரிப்ப நெனச்சுப் பாக்கறேன். நல்லா இருக்கறப்ப சிரிக்கற மாதிரியேதான் இருந்துது. அப்பால ஒரு நாளு நெனச்சா, இல்லையோன்னு தோணுது. கிணத்துக்குள்ள போனா எந்தச் சத்தமும் வேற மாதிரிதானே கேக்கும்."

"அண்ணி, வியாழக்கிழமை கழியட்டும்."

"கழியட்டும்" என்றார் வெள்ளையம்மாள். "முப்பத்து நாலு வருசம் கழிஞ்சிருக்கு. ஒரு வியாழக்கிழமை கழியாதா?"

வியாழக்கிழமை விழுப்புரம் பாசஞ்சரில் சக்கரபாணியும் அவர் உறவுக்காரர் நாலு பேரும் வந்து இறங்கினார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் நல்ல நேரம். பிடித்திருந்தால் அப்போது தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு. சக்கரபாணி கனத்த உடம்புக்காரர், வாய் ஓயாதவர். பெண்ணின் பெரியப்பா எப்படிக் காலமானார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். "கெணறு சரிஞ்சி போச்சு. பெருமாள் பேரைச் சொல்லிக்கினே போனாரு" என்றார் அரங்கநாதன். நடையில் நின்றிருந்த வெள்ளையம்மாள் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் ஆனதும் சக்கரபாணி ஆரம்பித்தார். "ரயில்ல ஒருத்தன் சொல்லிக்கினே வந்தான். இங்க ஏதோ சந்திரன் படம் ஓடுதாமே, வயிறு புண்ணாயிடுமாமே? பொழுது போவணும், சம்பந்தி. வாங்க, எல்லாரும் போயிட்டு வந்துடலாம். பொம்பளைங்களையும் கூட்டிக்குங்க."

சம்பந்தி என்ற வார்த்தை அப்போதுதான் முதல் தடவையாக அவர் வாயில் வந்தது. அந்த வார்த்தையைச் சொன்ன மனிதரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? விருத்தாசலம் வாக்குத் தவறமாட்டார் என்ற தைரியத்தில் அரங்கநாதன் கிளம்பினார். வெள்ளையம்மாள் ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

விருத்தாசலம் வாக்கு தவறவில்லை. அன்று சந்திரனில் மாட்டிக்கொண்டவன் முதல் நிமிஷத்திலிருந்தே அழுதான். "ஐயோ தெய்வமே, என்ன விட்டுட்டுப் போயிட்டாங்களே" என்றான். "எம் புள்ளகுட்டிங்க இன்னா ஆவுமோ" என்றான். பத்து நிமிஷம் கொட்டகை பொறுத்துக்கொண்டது. பிறகு பெஞ்சுகள் கிறீச்சிட ஆரம்பித்தன. பீடி நெருப்புகள் வெளியே போவதும் வருவதுமாக இருந்தன.

"யோவ், நேத்து சிரிச்ச ஆளு எங்கய்யா?"

"விருத்தாசலம், உடம்புக்கு முடியலயா? பேஜாரு பண்ணாதய்யா!"

சக்கரபாணி கொட்டாவி விட்டார். "இந்த ஆளு தேற மாட்டான். வந்ததுலேருந்து ஒப்பாரிதான். எழுந்து போயிடலாமா?"

திரையில் வெள்ளைக்காரன் காற்றுக்குழாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் விம்மியது: "காப்பாத்துங்க, காப்பாத்துங்க..." தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செத்துத் தொலைடா! ஜல்தி சாவு, வூட்டுக்குப் போவணும்!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அன்றைய முதல் சிரிப்பு அதுதான்.

இரண்டு பேர் கூடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதை அரங்கநாதன் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர் தோப்பில் இருந்தார், எதையும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். அழுகிறவனைக் காப்பாற்ற யாருக்கும் பொறுமையில்லை. நல்லவர்கள்தான். மண்டியில் தினமும் பார்க்கிற முகங்கள்தான். பத்தே நிமிஷத்தில் அவனைச் சாகச் சொல்கிறார்கள்.

தாம் எழுந்து நிற்பதை எழுந்த பிறகுதான் அவர் உணர்ந்தார். அவர் நிழல் திரையின் ஓரத்தில் விழுந்தது.

"விருத்தாசலம்! எங்க அண்ணன் கெணத்துக்குள்ளேருந்து சொன்னாரே, அதைச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு!"

கொட்டகை அடங்கிப்போயிற்று. படம் காட்டுகிற மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சக்கரபாணி அண்ணாந்து அவரைப் பார்த்தார். அரங்கநாதன் நின்றபடியே இருந்தார்.

விருத்தாசலம் மைக்குக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதன்பிறகு வந்தது வேறு குரல். மாமியார் இல்லாத ஊரின் சௌகரியத்தைச் சொல்லிற்று. அழுகிற தம்பியை அந்தாண்டை போகச் சொல்லிற்று. "எப்படி இருக்கே?" என்று பூமியில் கேட்கிறார்களாம். "குந்திக்கினுதான் இருக்கேன், ஒண்ணும் அவசரமில்ல, கஞ்சி குடிச்சுட்டு நெதானமா வாங்க. ஆனா வாங்க." வெளியே போயிருந்தவர்கள் பீடியை எறிந்துவிட்டு உள்ளே வந்தார்கள். செத்துத் தொலை என்ற அதே ஆள், "மெதுவா மூச்சு விடுய்யா, காத்து தீர்ந்துடப் போவுது!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

வெள்ளைக்காரன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பூமியைப் பார்க்கிற கட்டம் வந்தது. விருத்தாசலம் கொஞ்சம் தாமதித்தார். பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"உள்ள எறங்காத, அதுக்கு ஆளு இருக்குதுன்னு எம் பொண்டாட்டி தலப்பாடா அடிச்சிக்கினா. அவ சொன்னதுதான் சரி. இத்த அவகிட்ட சொல்லிடுங்க. ஆனா இப்பவே சொல்லிடாதீங்கடா சாமி! நான் மேல ஏறி வந்து, குளிச்சி, சாப்டு முடிச்சப்பறம் சொல்லுங்க. முன்னாலயே தெரிஞ்சிதுன்னா என்னைச் சோறு துன்ன வுடமாட்டா."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலாகப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அன்னிக்கே சொன்னேனே!"

வெள்ளையம்மாளின் குரல். யாரோ ஒருத்தி படத்தில் லயித்துப்போய்க் கத்துகிறாள் என்று நினைத்து இன்னும் உரக்கச் சிரித்தார்கள். அரங்கநாதன் உட்கார்ந்தார்.

ராக்கெட் வந்தது. அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. படம் முடிந்து வெளியே வரும்போது வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவனுக்கு மட்டும் வந்துட்டாங்க" என்றார்.

வீட்டு வாசல்வரை சக்கரபாணி வாய் திறக்கவில்லை. ஓயாமல் பேசுகிற மனிதரின் மௌனம் அரங்கநாதனுக்குக் கனத்தது. உறவுக்காரர்கள் நாலு பேரும் இரவு தங்கவிருந்த சத்திரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். படியில் ஏறாமலேயே சக்கரபாணி கேட்டார்.

"பெருமாள் பேரைச் சொன்னாருன்னீங்களே."

"எங்கப்பா சொன்னது. நானும் சொன்னேன். கொட்டாயில உங்க காதுல வுழுந்ததுதான் நெஜம்."

"எத்தனை நாளு சிரிச்சாரு?"

"மூணு நாள். ரெண்டு நாள் தோண்டறவங்க பயந்து ஏறிடக்கூடாதுன்னு. மூணாம் நாள் தோண்ட ஆளில்ல. அப்பவும் சிரிச்சார்."

"அது எதுக்கு?"

"தெரியல" என்றார் அரங்கநாதன். "உங்க தரகர் கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். கேட்டுட்டு என்ன முடிவு பண்ணாலும் சரி."

சக்கரபாணி வெள்ளையம்மாளின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கட்டினவங்களுக்குத் தெரியாதது இல்ல. அவரு புத்தி தெளிவாத்தான் இருந்தாரா?"

வெள்ளையம்மாள் யோசித்தார்.

"என்னாத்தச் சொல்றது? நான் சொன்னது சரின்னு ஒத்துக்கினாரே. புத்தி தெளிவா இருந்தப்ப ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல."

அரங்கநாதனுக்கு எல்லாம் போயிற்று என்று தோன்றியது. சக்கரபாணியின் கனத்த உடம்பு ஒரு தடவை குலுங்கிற்று. பிறகு தெருவே கேட்கிற மாதிரி சிரித்தார். சிரித்து முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"எங்க மருமவளும் சிரிப்பாம்மா. பாவம், அவ எங்க வூட்டுப் பொண்ணு. தானா சிரிப்பா. எதிர்ல யாரு இருக்காங்கன்னு பாக்க மாட்டா. அஞ்சு வருசம் பக்கத்துல இருந்து பார்த்தவன் சொல்றேன், அடுத்தவங்களச் சிரிக்க வெக்கணும்னு அவளுக்குத் தோணினதே இல்ல. இந்த மனுசன் மேல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா யோசிச்சிருக்காரு. தம்பிக்கு ஒண்ணு, வேலைக்காரனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. அந்த மூணாம் நாளு சங்கதி அவருக்கும் சாமிக்கும். அத்த நாம நோண்ட வேணாம்."

எழுந்தார். தட்டு மாற்றும்வரை பெண் வீட்டில் கை நனைக்காத மனிதர். வந்ததிலிருந்து தண்ணீர்கூட வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"சத்திரத்துச் சோறு ஆறிப்போயிருக்கும். இங்கயே எல போடச் சொல்லுங்க, சம்பந்தி."

வெள்ளையம்மாள் கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டுக்கொண்டே அடுப்படிக்கு ஓடினார். வீட்டில் இருந்தது காலையில் வடித்த சோறும் கொஞ்சம் காரக்குழம்பும்தான். அப்படியே பரிமாறினார்கள். சக்கரபாணி பிசைந்து சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அரங்கநாதனுக்கு ஒன்று கேட்க வேண்டும்போல் இருந்தது. விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி அல்ல. ஆனாலும் கேட்டார்.

"நீங்க அப்படி மாட்டிக்கினா சிரிப்பீங்களா?"

சக்கரபாணி கவளத்தை வாயருகே நிறுத்தினார். உண்மையாகவே யோசித்தார்.

"நானா? நான் அழுவேன்யா. சந்திரனே இடிஞ்சி வுழற மாதிரி அழுவேன். எங்க வூட்ல எல்லாருமே அழுமூஞ்சிங்கதான். அதனாலதான் சொல்றேன், உங்க பொண்ண எங்களுக்குக் குடுங்க."